நாலு பாட்டும் ஒரு சிரிப்பும்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. சபையில் எல்லாரும் ‘கம்பி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆராதனை நடுவில் கிட்டார் கம்பியை அறுத்துவிடுவான். பிரசங்கம் தொடங்கினால் கம்பி நீட்டிவிடுவான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்.

இருபது வருடங்களுக்கு முன் அவனும் அக்காவும் மாமாவும், அதாவது அக்காவின் கணவரும், ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். அவன் கிட்டாரும் பாட்டும், அக்கா டிரம்ஸ், மாமா பேஸ் கிட்டார். ஆண்டவரைத்தான் பாடினார்கள்; ஆனால் தாலாட்டு மாதிரி அல்ல, சண்டைக்குப் போகிற மாதிரி. ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்?’ என்றே ஒரு பாட்டு தொடங்கும். சபையின் கீழ்த்தளத்தில், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே பயிற்சி நடக்கும். அக்கா பெரிய டிரம்மை மிதித்தால் மேலே ஜெபத்தில் இருப்பவர்களுக்குப் பல் ஆடும்.

மாமா இறந்து ஆறு வருடமாகிறது. அதன்பின் அக்கா டிரம் குச்சியைத் தொடவில்லை. பள்ளி வேன் ஓட்டினாள். சபைக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்து போனாள். கம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வீடு மாறும்போது பழைய கம்ப்யூட்டரில் அந்த நாளைய ஒலிப்பதிவுகள் கிடைத்தன. டிரம்ஸும் பேஸும் அப்படியே உயிரோடு இருந்தன. அவன் குரல்தான் சகிக்கவில்லை. நான்கு பாட்டுகளை எடுத்துக்கொண்டான். எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டு, தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே புதிதாகப் பாடினான். மொத்தம் பதினான்கு நிமிடம். சின்னத் தொகுப்பாக இணையத்தில் வெளியிட்டுவிடலாம் என்று தோன்றியது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் மாமா ஏதோ சொல்லிச் சிரிப்பது பதிவாகியிருந்தது. அக்காவுக்குத் தாங்காது என்று அதை வெட்டிவிட்டு, அவளுக்கு அனுப்பினான்.

மறுநாள் மத்தியானம் அவள் அழைத்தாள். பள்ளி விடுவதற்காக வேனில் காத்திருந்தாள்.

“மூணாவது பாட்டுல நான் தாளத்த விட்டுட்டு ஓடுறேன்டா. அவரு பின்னாடியே இழுத்துப் பிடிக்கிறாரு, கேட்டியா?”

“கேட்டேன்க்கா. சரி பண்ணிடட்டுமா?”

“கை வெச்சே, தொலைச்சிடுவேன். அதுக்கு முன்னாடி சிரிப்பாரே. அது எங்க?”

“வெட்டிட்டேன். நீ அழுவியேன்னு…”

“அழுதா அழுதுட்டுப் போறேன். ஒன்ன யாருடா கத்தரிய தூக்கச் சொன்னது?”

அன்று மாலையே அதைத் திரும்ப ஒட்டினான்.

சனிக்கிழமை காலை, அக்காவின் சமையலறை மேஜையில் வைத்து வெளியிட்டார்கள். பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னான். பிறகு இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாவது பாட்டுக்கு முன் மாமாவின் குரல் வந்தது: “சத்தம் இது போதுமா, இல்ல ஆண்டவரையே எழுப்பணுமா?” சிரிப்பு. அக்கா அழவில்லை. மேஜைமேல் அவள் விரல்கள் தாமாகவே தட்டத் தொடங்கின. அன்று ஓடிய அதே இடத்தில் இன்றும் ஓடின.

மத்தியானத்துக்குள் இருபத்தாறு பேர் கேட்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்: “ராத்திரி வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் நாலு தடவை கேட்டேன். டிரம்ஸ் யார்?”

கம்பி பதில் எழுதப் போனான். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒற்றை விரலால் ‘நான்’ என்று எழுதினாள். யோசித்துவிட்டு, ‘பேஸ் என் வீட்டுக்காரர்’ என்றும் சேர்த்தாள்.