பவானிக்கு ஏற்ற காபி மெஷின்

கல்யாணத்துக்கு முன்னால் பவானி பெங்களூரில் ஒரு காபிக் கடையில் மெஷினில் எஸ்பிரஸ்ஸோ என்ற கெட்டிக் காபி போடும் வேலையில் இருந்தாள். வெள்ளிமலைக்கு வாழவந்த வருஷமே மலைப்பாதையில் வண்டி சறுக்கி அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கையில் பழைய பலம் இல்லை.

அவள் கணவன் ராஜதுரை மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வண்டி ஓட்டுபவன். வீட்டில் அவனுடைய வயதான அம்மாவும் உண்டு. அவள் மறுபடி காபி போட ஆசைப்பட்டாள் என்று, ஒரு தடவை சேலத்தில் லோடு இறக்கியதும் அவளைக் காபி மெஷின் விற்கும் கடைக்கு அழைத்துப் போனான். போனதும் ஒரு மெஷினைக் காட்டினான்.

"இத்த பாரு. காபித்தூள் டப்பியாவே வருது. உள்ள போட்டு பட்டனை அமுக்குனா போதும். உன் கைக்கு வேலையே இல்ல."

"அப்ப நான் எதுக்கு? நீங்களே அமுக்கிக்குங்க."

ராஜதுரைக்குச் சுருக்கென்றது. "உன் கைக்காகத்தான சொல்றேன்?"

"என் கையப் பத்தி எனக்குத் தெரியாதா? டப்பி தீந்துபோனா மலையில யார் குடுப்பாங்க?"

கடைக்காரர் கையால் அழுத்தும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். கரண்ட் வேண்டாம். ராஜதுரைக்கு அது பிடித்துவிட்டது. மலையில் நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போய்விடுமே. பவானி நெம்புகோலைப் பிடித்து அழுத்தினாள். பாதி தூரம்கூட இறங்கவில்லை. மணிக்கட்டில் வலி ஏறியது. அவன் உதவிக்குக் கை நீட்டினான்.

"வேணாங்க. நீங்க லோடு எடுத்துக்கினு போனப்புறம் யார் அழுத்துவாங்க?"

மூன்றாவது, கரண்டில் ஓடும் சின்ன மெஷின். தூளைக் கைப்பிடிக் கிண்ணத்தில் போட்டு அமுக்கி, மெஷினில் திருகி மாட்ட வேண்டும். வலது கையில் பிடித்தாள், நழுவியது. இடது கைக்கு மாற்றி, உடம்பைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. அவள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுவே குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"கரண்ட்டுக்கு இன்னா பண்ணுவ?" என்றான் ராஜதுரை.

"இருக்கறப்ப குடிப்போம்."

வீட்டில் முதல் நாள் சாயங்காலம் வோல்டேஜ் கம்மி. மெஷின் முனகியது; கறுப்புத் தண்ணீர்தான் சொட்டியது. ராஜதுரை வெளியே போய்விட்டான். பவானி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் வோல்டேஜ் நன்றாக இருந்தது. காபிக் கொட்டையை முன்னைவிட நைசாக அரைத்தாள். இடது கையால் பூட்டிவிட்டு பட்டனைத் தட்டினாள். காபி எலிவால் கனத்தில் மெதுவாக இறங்கி, மேலே பொன்னிறமாக நுரை கட்டியது.

ராஜதுரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "கசக்குதே!"

"கசக்கத்தான் செய்யும். மெதுவா குடிங்க."

"சக்கர?"

"மொதல்ல இப்பிடியே குடிச்சிப் பாருங்க."

அவன் வாசலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தான். டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கும் ஒண்ணு போட்டு, பால் கலந்து குடு" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.