மார்க்கு மாறிய சிப்பம்

என் மனைவி முத்துக்கனியை ஆடிக்கு அழைத்துப் போக உடன்குடியிலிருந்து அவள் அம்மா சீனித்தாய் வந்திருந்தார். நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"நானும் வந்ததுலேருந்து பாக்கேன், ஊமையன் வீடு மாதிரில்லா இருக்கு. இப்படி ஒரு மனுசன்கூட எம்பிள்ள எப்படிக் காலந்தள்ளும்? ஆடி கழியட்டும். பெறவு அனுப்பணுமா வேண்டாமான்னு பாப்போம்."

முத்துக்கனி சொன்ன பதில் கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

அத்தை சொன்னதில் பொய்யில்லை. எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது ஒரு விளையாட்டுதான்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் நான் டாலி கிளார்க். கப்பல் கரைக்கு வராமல் ஆழத்தில் நிற்கும், தோணிகள்தான் சரக்கை எடுத்துப் போகும். தோணியில் ஏறும் ஒவ்வொரு பொதியிலும் வியாபாரியின் மார்க்கை, அதாவது அடையாள எழுத்துகளை, சரிபார்த்து எண்ணுவது என் வேலை. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், வேறு பேச்சு தோன்றாமல், "இன்னைக்குப் பஞ்சுப் பேல்ல ஆர், டி, ஏ" என்றேன். அவள் மிஷன் பள்ளியில் எட்டு வரை படித்தவள். சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே "வாட்டர்" என்றாள். எனக்குப் புரிய நேரமாயிற்று. மூன்று எழுத்தும் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குள் இருந்தன.

"ட்ரேடு" என்றேன்.

"எர்த்" என்றாள்.

எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம், நடுவே வேறு எழுத்தும் வரலாம், ஆனால் கொடுத்ததில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. அதன்பிறகு நான் செருப்பைக் கழற்றும் முன்பே "இன்னைக்கு என்ன மார்க்கு?" என்பாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் விளக்குத் திரி ஒரு விரற்கடை எரிந்துவிடும். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு நாள் நீளமாகப் பேசினேன். மார்க்கு மாறிய பொதியைக் கப்பலில் ஏற்றக் கூடாது, அது அனுப்பியவரிடமே திரும்பப் போய், அவர் வீட்டிலேயே மார்க்கைத் திருத்தி வரவேண்டும் என்று. கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

அவள் போன பிறகும் மார்க்குகள் வந்தன. மனசுக்குள் வார்த்தை தேடுவேன், கிடைக்கும், சொல்ல ஆளிருக்காது. ஆடியில் மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசலை மிதிப்பது வழக்கமில்லை. ஆடி முடிந்த பிறகு மிதிக்க அந்த வாசல் எனக்கு இருக்குமா என்பதுதான் பயம்.

காற்று மணலை வாரி இறைத்த ஒரு காலையில் என் மாமனார் பால்துரையின் கருப்பட்டிச் சிப்பங்கள் கொழும்புக்கு ஏற்ற வந்தன. பனையோலையில் கட்டிய சிப்பம் ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் ஒரு பி. தோணியில் நின்று சரக்கு அடுக்கும் மாசானம் கத்தினான். அவனுக்கு எழுத்து தெரியாது. மார்க்கைப் படமாகத்தான் பார்ப்பான், அதனால் தப்பவே விடமாட்டான்.

"அண்ணாச்சி, இது ஒண்ணு மட்டும் தப்பு! வட்டத்துக்குக் கீழ என்னத்தையோ கிறுக்கியிருக்கு!"

போய்ப் பார்த்தேன். எம், ஓ, ஹெச். எம்மின் கால் வெளியே சுருண்டிருந்தது. முத்துக்கனியின் கையெழுத்து.

"மாமனார் சரக்கே மார்க்கு தப்பி வருதே. சீதனத்துலயும் இப்படித்தானா அண்ணாச்சி?" மாசானம் சிரித்தான்.

"இறக்கி வையும்," என்றேன். "இது உடன்குடிக்குத் திரும்பணும்."

"சரி, வண்டிக்காரன்ட்ட குடுத்து விடுதேன்."

"வேண்டாம். நானே கொண்டு போறேன்."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சிப்பத்தை என் தோளில் ஏற்றிவிட்டான்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தேடினேன். முதலில் வந்தது 'மதர்'. அம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறாளா? அப்புறம் 'மன்த்'. இந்த ஒரு மாதந்தான் என்கிறாளா? 'மவுத்' வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறக்காதவனிடம் வேறென்ன சொல்வாள்? கடைசியில்தான் 'ஹோம்' வந்தது. ஆனால் எந்த வீடு? திருச்செந்தூரில் பஸ் மாறிச் செம்மண் தேரி மேடுகள் தெரிகிறவரை நாலையும் மாற்றி மாற்றி நினைத்தேன்.

மாமனார் வாசலில் திகைத்து நின்றார். "மாப்பிள்ள! ஆடியிலயா?"

"மார்க்கு தப்பு, மாமா. திருத்தி வாங்கணும்."

கம்பெனி வேலை என்றால் அவர் என்ன சொல்வார்? கருப்பட்டி அடுக்கி வைக்கும் கிட்டங்கியைக் கைகாட்டினார். சற்று நேரத்தில் முத்துக்கனி மார்க்கு எழுதும் தார்ச் சட்டியோடு வந்தாள்.

"எந்த வார்த்தை?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. கைக்கு வந்த மூணு எழுத்து. மார்க்கு மாறினா சரக்கு திரும்பி வரும்னு நீங்கதான சொன்னிய?"

"வண்டிக்காரன்கிட்ட குடுத்து விட்டிருந்தா?"

தாரைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "அதத்தான் நானும் நெனச்சுட்டே இருந்தேன்."

பிறகு அவளே, "உங்களுக்கு எத்தன கெடச்சுது?" என்றாள்.

நாலையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸில் என்ன நினைத்தேன் என்றும் சொன்னேன். அடுப்படியில் அத்தை சொன்னதைக் கேட்டேன் என்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மார்க்கைச் சொல்ல ஆளில்லை, அதனால் ஹார்பரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "நீ வரணும்" என்றேன். மவுத்துக்கு மட்டும் சிரித்தவள், இதற்குச் சிரிக்கவில்லை.

வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏளா, கிட்டங்கிக்குள்ள இம்புட்டு நேரமா என்ன பேச்சு?"

"நான் எங்கம்மா பேசுதேன்? அவியதான் பேசுதாவ."

கிட்டங்கி வாசல் வரை அத்தையின் காலடிச் சத்தம் வந்து நின்றது. பிறகு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லு," என்றார் அத்தை. "ஆவணி பொறந்ததும் எந்தப் பஸ்ஸுக்கு வருவாவன்னும் கேட்டு வை."

முத்துக்கனி குனிந்து மூன்று எழுத்தின்மேலும் தாரைப் பூசினாள். எம்மின் சுருண்ட கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அதையும் மூடு. மாசானம் பாத்தா மறுபடியும் இறக்கிருவான்."

"இறக்கட்டுமே," என்றாள்.