நாற்பது திருத்தச் சீட்டுகள்

பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம், அப்படி ஒரு லைக்கன். ஆரஞ்சு நிறம். பாறையில் அப்பிக்கொண்டு வளரும். இந்த மாவட்டத்தில் நான் அதைக் கண்டது குளத்தூர்ப் பக்கத்துப் பருந்துக் குன்றில் மட்டும்தான். ஆறு வருடத்துக்கு முன்பு, அங்கே ஆடு மேய்க்கும் சின்னப்பிள்ளை வழி காட்டினார். உளியால் ஒரு சில்லு பெயர்த்து, காகித உறையில் மடித்து, இடமும் தேதியும் என் சேகரிப்பு எண் 212-உம் எழுதி, கல்லூரியில் இப்படிப்பட்ட மாதிரிகளைச் சேமிக்கும் உலர்தாவர அறையில் வைத்தேன்.

இப்போது அந்தக் குன்றைக் கல்குவாரிக்குக் கேட்கிறார்கள். குன்று போனால் சின்னப்பிள்ளையின் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரத்து இல்லை. அங்கே அரிதாக எதுவும் வளரவில்லை என்று குவாரிக்கான சுற்றுச்சூழல் அறிக்கை சொன்னால் அனுமதி சுலபம். சோதனை வெடி வைத்ததில் ஆரஞ்சுப் பாறை முதலிலேயே தூளாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சி என் உறை. கவலைப்படாதீங்க, அது போதும் என்று சின்னப்பிள்ளையிடம் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

அறிக்கை வந்தது. எழுதியவன் செம்மல். ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள் நாங்கள். என் மகள் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். 'இந்த லைக்கன் நார்த்தாமலையில் சேகரிக்கப்பட்டது. ஆதாரம்: ஞானசெல்வி, எண் 212' என்று எழுதியிருந்தான். நார்த்தாமலையில் மூன்று முறை தேடி வெறுங்கையோடு திரும்பியவள் இந்த ஞானசெல்வி.

உலர்தாவர அறைக்கு ஓடினேன். எங்கள் தொழிலில் உறைமேல் எழுதியதை அடிக்கக் கூடாது. பிழை இருந்தால் தனிச் சீட்டில் திருத்தி, கையெழுத்திட்டு, அருகில் ஒட்டவேண்டும். கடைசியாக ஒட்டிய சீட்டுதான் செல்லும். 212-இல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'இடம்: நார்த்தாமலை' என்று செம்மலின் குண்டு குண்டான எழுத்து. கீழே கையெழுத்து என்னுடையது. சத்தியமாக என்னுடையதுதான்.

பிரசவ விடுப்பில் போனபோது, உறைகளில் இருந்த பழைய பெயர்களைத் திருத்தும் வேலை பாதியில் நின்றது. நாற்பது வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். யாரும் செய்யக்கூடாத காரியம். செம்மல்தானே என்று செய்தேன். அந்த 'தானே'யை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன் செய்தேன். அவன் பதறவில்லை.

"விடுங்கக்கா. இங்கிட்டு இல்லாட்டி அங்கிட்டு எங்கயாச்சும் இருக்கத்தான் செய்யும்."

"நான் எழுதுன எடத்த மாத்த ஒனக்கு யாருடா உரிமை குடுத்தா?"

"சீட்டுல இருக்கறது ஒங்க கையெழுத்துக்கா. வெத்துச் சீட்டுன்னு வெளிய சொன்னா ஒங்க பதினோரு வருச வேலைய எவனும் நம்ப மாட்டான். பாத்துக்கங்க."

மிரட்டலைக்கூட அக்கா போட்டுத்தான் சொன்னான். அதுதான் என்னை அழவைத்தது. சொன்னதில் பொய்யும் இல்லை. அறுநூறு உறைகள் சேகரித்திருக்கிறேன். களக்குறிப்பேட்டை நீட்டினால், பிறகு நீங்களே திருத்தியிருக்கிறீர்களே என்பார்கள். வெற்றுச் சீட்டு என்று ஒப்புக்கொண்டால் அறுநூறும் சந்தேகத்துக்குப் போகும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சின்னப்பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன்.

"212 பருந்துக் குன்றுல எடுத்ததுங்க. திருத்தச் சீட்டுல இருக்கற கையெழுத்து என்னோடதுதான். ஆனா எழுதாத சீட்டுல போட்டுக் குடுத்தது."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படி எத்தனை சீட்டு கொடுத்தீர்கள் என்று கேட்டார். நாற்பது என்றேன். மற்றவை எந்தெந்த உறைகளில் ஒட்டியிருக்கின்றன, அவற்றில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

தெரிந்தவன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.