அருள்மொழி பேருக்கு வந்த போன்

தாட்சாயிணியிடம் ஒப்படைத்த செவிலியர்களில் அருள்மொழியைப் போல அவள் மண்டையைக் காய வைத்தவர் வேறு யாருமில்லை.

கொரோனா இரண்டாம் தடவை வந்து ஊரையே பூட்டிப் போட்டிருந்த சமயம் அது. அண்ணாமலை நகரில் உளவியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த தாட்சாயிணி, விடுதியைக் காலி பண்ணிக்கொண்டு சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் இருந்த தன் வீட்டு மாடியில் முடங்கிக் கிடந்தாள். ஒரு தொண்டு அமைப்பு, கொரோனா வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்களிடம் தினமும் போனில் ஆறுதலாகப் பேச ஆள் தேடியது. இவள் பேர் கொடுத்தாள். இரண்டு மத்தியானம் கணினி முன்னால் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள். அறிவுரை சொல்லாதே, அழுதால் அழவிடு, உயிருக்கு ஆபத்தாக ஏதாவது சொன்னால் மட்டும் உடனே பொறுப்பாளரிடம் சொல். நீச்சல் பழகியாயிற்று, இறங்கு என்று கடலில் விட்டுவிட்டார்கள்.

அருள்மொழி கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். முதல் நாள் பேசியபோது அடக்கமான குரலில், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதாகவும், வார்டில் இருப்பது தெரிந்தால் வருகிறவன் ஓடிப்போவான் என்றும் சொன்னாள். தாட்சாயிணி பரிவோடு கேட்டுக்கொண்டாள். மறுநாள் அதே அருள்மொழி, நோன்பு வைத்துக்கொண்டு கவச உடைக்குள் நிற்பது நாக்கை வறட்டி எடுக்கிறது, லால்பேட்டையிலிருந்து அம்மா அனுப்பிய நோன்புக்கஞ்சி வழியிலேயே புளித்துவிட்டது என்று அழுதாள். அருள்மொழி எப்படி நோன்பு வைப்பாள் என்று தாட்சாயிணிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேள்வி கேட்டுக் குடையாதே என்றல்லவா வகுப்பில் சொல்லியிருந்தார்கள்?

இன்னொரு நாள் அருள்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். கவச உடையைப் போட்டுக்கொண்டு வார்டில் நின்றபோது ஒரு தாத்தா தன்னை எமதூதன் என்று நினைத்து, இன்னும் ரெண்டு நாள் டைம் குடு சாமி என்று கும்பிட்டாராம். பிச்சாவரத்துப் பக்கம் படகு விடும் அப்பாவுக்கு மூத்த பெண் என்றாள் அந்தச் சிரிக்கிற அருள்மொழி. அவள் பேசும் நாட்களில் தாட்சாயிணிக்கே மனசு லேசாகிவிடும். யார் யாருக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று தெரியாமல் போனை வைப்பாள்.

குரல் மாறுவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. முகக்கவசம், தொண்டைக்கட்டு, மாடியில் டவர் கிடைக்காத லட்சணம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரே பெண் மாப்பிள்ளைக்குப் பயந்தவளாகவும், லால்பேட்டையில் நோன்பு வைக்கிறவளாகவும், பிச்சாவரத்துப் படகுக்காரர் மகளாகவும் இருக்க முடியுமா? புத்தகம் படித்த மூளை சும்மா இருக்குமா? ஒரே ஆளுக்குள் பல ஆட்கள் வாழும் நோய் ஒன்றைப் பற்றி ஒரு தேர்வு முழுக்க எழுதியிருந்தாள். லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது தன் போனிலேயே வந்து மாட்டியிருக்கிறது என்று அவளுக்கு நடுக்கம் ஒரு பக்கம், சொல்லக் கூசினாலும் கொஞ்சம் பெருமை ஒரு பக்கம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். படித்தவள் கண்ணுக்கு நோய்.

பொறுப்பாளர் வெங்கட்ராம் ஓய்வுபெற்ற மனநல மருத்துவர். அவரிடம் சொன்னபோது அவர் நிதானமாக, பேரையும் ஊரையும் சரிபார்த்தாயா அம்மா என்று மட்டும் கேட்டார். அது தாட்சாயிணிக்கு மட்டமான கேள்வியாகப் பட்டது.

பிறகு சிரிக்கிற அருள்மொழி காணாமல் போனாள். கூப்பிட்ட நாளெல்லாம் வேறு குரல்கள்தான் வந்தன. எமதூதன் கதையைத் தாட்சாயிணி நினைவுபடுத்தியபோது எதிர்ப்பக்கம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. நோய் முற்றுகிறது, சந்தோஷமான பாதி செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பேசிய குரல் எல்லாவற்றையும்விடத் தணிந்து இருந்தது. சொன்னது இதுதான்.

"காலையில கண்ணு தெறக்காமலே இருந்துட்டா தேவலாம்னு இருக்கு மேடம். எதுக்கு எழுந்திரிக்கணும்னு தெரியல."

சிஸ்டர், சிஸ்டர் என்று தாட்சாயிணி பதறுவதற்குள் இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. வெங்கட்ராம் மருத்துவமனையில் விசாரித்தார். அருள்மொழி சாயங்கால டியூட்டிக்கு வந்துவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள், ஒரு பிரச்சினையும் இல்லை என்று பதில் வந்தது. வியாழக்கிழமை கூப்பிட்டால் அருள்மொழி கலகலவென்று, இன்னைக்குப் பொட்டலத்தில் தக்காளி சாதமும் முட்டையும் மேடம், ரெண்டு பொட்டலம் சாப்பிட்டேன் என்றாள். நேற்றுப் பேசினோமே என்று கேட்டதற்கு, நேத்தா, நேத்து நான் பேசலியே என்று வாய் தவறிச் சொல்லி, உடனே இருமிச் சமாளித்தாள்.

தாட்சாயிணிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. சாகத் துணிந்தவள் தக்காளி சாதம் கேட்டு வாங்கித் தின்பாளா? தின்றவள் பொய் சொல்கிறாளா, அழுதவள் பொய் சொன்னாளா? அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அம்மா சிவகாமு தட்டோடு மாடிக்கு வந்து, ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்றவ மூஞ்சியப் பாரு என்று திட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை யுனிவர்சிட்டியில் வேலை என்று வீட்டில் புளுகிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். முட்லூர் தாண்டி ஒரு ஈ காக்கை இல்லை. புதுச்சத்திரத்தில் போலீஸ் மறித்தது. தொண்டு அமைப்பின் அட்டையைக் காட்டியதும், நர்ஸுங்களுக்குப் பேச ஆள் இருக்கு, எங்களுக்கு யாரும்மா இருக்கா என்று சலித்துக்கொண்டே அங்கிருந்த ஏட்டு விட்டார்.

வார்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று மருத்துவமனை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துத் தங்க வைத்திருந்தது. மருத்துவமனை வாசலில் விசாரித்துக்கொண்டு அங்கே போனாள். வாசலில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய வாழைமரம் காய்ந்து நின்றது. மணமகள் அறை சன்னலுக்கு வெளியே நின்று, அருள்மொழி சிஸ்டரைப் பார்க்கணும் என்றாள். உள்ளே நாலைந்து சின்னப் பெண்கள் இருந்தார்கள்.

"நாந்தான்" என்றாள் ஒருத்தி. அதே மூச்சில் "நாந்தான்" என்றாள் முக்காடு போட்டிருந்த இன்னொருத்தி. பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாட்சாயிணி தன் பேரைச் சொன்னதும் அவர்கள் முகம் செத்துப்போனது. குட்டு உடைந்த விதம் சாதாரணமானது. அவர்கள் யாரும் ஸ்டாஃப் இல்லை. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிற மாணவிகள். ஆள் போதாமல் அவர்களையும் வார்டில் இறக்கியிருந்தார்கள். ஆனால் ஆறுதல் சொல்லும் போன் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான். மாணவிகள் பேரை மருத்துவமனை கொடுக்கவே இல்லை. முதல் நாள் அருள்மொழிக்குப் போன் வந்தபோது, அப்போதுதான் முதல் சாவைப் பார்த்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்ரீமதியின் கையில் அருள்மொழி தன் போனைக் கொடுத்து, எம்பேரச் சொல்லிப் பேசுடி என்றிருக்கிறாள். அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் அருள்மொழி போனை அறையிலேயே விட்டுவிட்டுப் போவாள். மத்தியானம் போன் அடித்தால் அன்றைக்கு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவள் எடுப்பாள். மற்றவர்கள் வெளியே போய்விடுவார்கள். யார் என்ன பேசினாள் என்று யாரும் கேட்கக் கூடாது. மாப்பிள்ளைக் கவலை ஸ்ரீமதி. நோன்பு ஹபீபா.

லட்சத்தில் ஒருத்தருக்கு வரும் நோய் இப்படிக் காற்றில் போனது. தாட்சாயிணிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பேரையும் ஊரையும் சரிபார்த்தாயா என்று கேட்ட மனிதரை மட்டமாக நினைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்குள் அருள்மொழியே வந்துவிட்டாள். முப்பதைத் தாண்டியவள், விருத்தாசலத்துப் பக்கம் கொளஞ்சியப்பன் என்ற விவசாயியின் மகள். முகக்கவசம் அழுத்திய தழும்பு கன்னத்தில் காய்த்துப் போயிருந்தது. ரகசியம் ரகசியம்னு சொல்லிட்டு ஊட்டு வாசல்லயே வந்து நிக்கிறீங்களே, நல்லாருக்கா என்று எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டாள்.

தாட்சாயிணி புதன்கிழமை கேட்டதைச் சொன்னாள். யார் சொன்னீர்கள் என்று தெரிந்தாக வேண்டும், திட்ட வரவில்லை, பயத்தில் வந்திருக்கிறேன் என்றாள். நானில்லை என்றாள் ஸ்ரீமதி. நானில்லை என்றாள் ஹபீபா. மற்றவர்களும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். படகுக்காரர் மகள் யார் என்று தாட்சாயிணி கேட்டாள். அது ஸ்வர்ணலதா, அவளுக்குப் பாசிட்டிவ் ஆகிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அருள்மொழி அக்கா சொன்னார்கள் என்றாள் ஹபீபா. அருள்மொழி சட்டென்று பேச்சை மாற்றினாள். பசங்க பயத்துல ஆயிரம் பேசும் மேடம், நான் பாத்துக்குறேன், நீங்க வெயிலுக்கு முன்னால கெளம்புங்க என்றாள். மணி இரண்டு. வெயில் உச்சியில் நின்றது.

தாட்சாயிணி வண்டி வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் சாவியைத் திருகக் கை வரவில்லை. இத்தனை முகத்தில் எந்த முகம் என்று தெரியாமல் திரும்பிப் போய் என்ன செய்வது? நாளைக்கு ஒருத்தி எழுந்திருக்காமல் போனால்? முகம் பார்த்துப் பேச அவளுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் பேசியதெல்லாம் போனில்தானே? அவள் அங்கேயே நின்று அருள்மொழியின் எண்ணை அழுத்தினாள்.

திறந்திருந்த சன்னல் வழியே உள்ளே அடிப்பது கேட்டது. பெண்கள் சுவிட்சுப் பலகையில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார்கள். ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அருள்மொழி பெண்களிடம், போயி சாப்புடுங்கடி என்றாள். போனைப் பிடுங்கிக்கொண்டு, மண்டபத்துப் பின்பக்கம் காலியாய்க் கிடந்த பந்திக்கூடத்துக்கு நடந்தாள். கட் பண்ணத்தான் போகிறாள் என்று தாட்சாயிணி நினைத்தாள்.

எடுத்தாள்.

"அன்னிக்குப் பேசுனது நாந்தான் மேடம்."

தாட்சாயிணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஸ்வர்ணா போயிட்டா. செவ்வாக்கெழமையே போயிட்டா. அவுங்கப்பா எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணாரு. பசங்களுக்குத் தெரிஞ்சா ஓடிப்போயிடும், டியூட்டி முடியட்டும், வாயத் தெறக்காதன்னு மேல சொல்லிட்டாங்க. அவள அந்த வார்டுல போட்டதே நாந்தான். சிரிச்சிக்கினே நிப்பா, பேஷண்டுங்க அவளக் கண்டா மாத்திர சாப்புடும், அதனால போட்டேன். புதங்கெழமை இதுங்க எல்லாம் டியூட்டில இருந்துச்சுங்க. ரூமுல நான் மட்டும். போன் அடிச்சுது. எம்பேருக்கு வர்ற போனுதான, இன்னைக்கி ஒருநாளு நானே பேசிக்கிறேன்னு எடுத்தேன்."

வகுப்பில் சொன்னது ஒன்றும் தாட்சாயிணிக்கு நினைவுக்கு வரவில்லை. தொற்று இருக்கிற இடம், உள்ளே போகக் கூடாது என்பது மட்டும் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் வாசலைத் தாண்டி, பக்கத்துச் சந்து வழியாகப் பந்திக்கூடத்துக்குள் போனாள். நீளமான சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் அருள்மொழி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாட்சாயிணி மறுகோடியில் உட்கார்ந்தாள். அருள்மொழி நிமிர்ந்து பார்த்தாள். போனை வைக்கவில்லை.

"எழுந்திரிக்க வேணாம்னு சொன்னீங்களே, இப்பவும் அப்டித்தான் இருக்காக்கா?" என்று தாட்சாயிணி போனிலேயே கேட்டாள். சிஸ்டர் எப்போது அக்காவானாள் என்று அவளுக்கே தெரியாது.

"இருக்கு."

"இன்னைக்கு நைட்டு நீங்க தனியாப் படுக்க வேணாம். எங்க டாக்டர் சார்கிட்ட இப்பவே சொல்லப் போறேன். அவுரு உங்ககிட்ட பேசுவாரு, உங்க பேருல, உங்ககிட்ட மட்டும். சரியா?"

அருள்மொழி தலையாட்டினாள். பிறகு அழுதாள். வாய் விட்டு அழுதால் பெண்களுக்குக் கேட்கும் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். தாட்சாயிணி இரண்டு காதிலும் கேட்டாள், போன் வழியாகவும் மேசை வழியாகவும். அவளுக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள் அருள்மொழி கடைசியில். "ஸ்வர்ணா எப்ப வருவான்னு தெனமும் கேக்குதுங்க. வந்துடுவா வந்துடுவான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயி புண்ணாப் போச்சு. இத எப்டிச் சொல்றது?"

தாட்சாயிணி படித்ததில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"தெரியலக்கா. ஆனா நானும் கூட வர்றேன்."

வாசற்படியில் ஸ்ரீமதி பொட்டலத்தோடு வந்து நின்றாள். அக்கா, உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கோம், சாப்பாடு ஆறிப்போவுது என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பொட்டலத்தை மேசை மேல் மெல்ல வைத்தாள்.

"ஸ்வர்ணாவா?" என்றாள்.

அருள்மொழி போனை அணைத்துவிட்டு எழுந்தாள். தாட்சாயிணியும் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.