எலும்புக்கு வாரம் ஏழு நாள்

1

வலது மணிக்கட்டு வலிக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். வாக்கியங்கள் குட்டையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை கிடைத்ததும் இந்த வலியால்தான். மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கும் அதே கையில் கட்டு.

"உங்களுக்கு எத்தனை வாரம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"நாளா எழுதி வாங்கிக்குங்க. வாரத்தை நம்பாதீங்க."

ஏன் என்று கேட்டேன். வரிசை நகர்வதற்குள் அவள் சொன்னது நாலு வரி. மிச்சமெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கிடங்குக்குள் காலை வெயில் மெல்ல…" வராது. கிடங்குக்குள் எந்த வெயிலும் வராது.

இரண்டாவது: "எண்களுக்குக் காலத்தைக் கற்றுக்கொடுத்தவன் ஒருவன்…" ரொம்பப் பீற்றிக்கொள்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, உள்ளபடியே: அது ஒரு தானியக் கிடங்கு. மருந்துக்கடையில் பார்த்த பெண்தான் அக்கா; அங்கே மூட்டை அடுக்குகிறவள். தம்பியும் அங்கே எட்டு வருஷம் மூட்டை தூக்கினான். இடுப்பு விட்டுப்போனதும் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, அதே கிடங்கின் அலுவலக அறையில் வந்து உட்கார்ந்தான். வருகைப் பதிவு, யாருக்கு எந்த நாள் வேலை என்கிற வேலைமுறை, விடுப்புச் சீட்டு எல்லாம் அவன் எழுதிய நிரலில்தான் ஓடுகின்றன. கிடங்கில் அவனுக்குக் 'காலண்டர்' என்று பேர்.

பேர் வந்த காரணம் இது. கணினிக்கு 3 என்றால் வெறும் 3. கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். அது மூன்று மூட்டையா மூன்று நாளா என்று தெரியாது. அவன் பழகிய கணினி மொழியில், எண் என்கிற வகையையே திறந்து புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுத்தான். அதற்கப்புறம் 3.வாரம்.கழித்து என்று எழுதினால் தேதி வந்து நிற்கும். 2.நாள்.முன்பு என்றாலும் நிற்கும். ஒரு எண்ணுக்குச் சொன்னால் எல்லா எண்ணுக்கும் சொன்ன மாதிரி. அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.*

* கதை எழுதுகிறவனுக்கு இந்த வசதி எப்போதும் உண்டு. 'மூன்று வாரம் கழித்து' என்று எழுதினால் மூன்று வாரம் ஓடிவிடும். யாரும் கணக்குக் கேட்பதில்லை.

3

ஒரு புதன்கிழமை அடுக்கு சரிந்தது. அக்காவின் மணிக்கட்டில் விரிசல். மூன்று வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அதைப் பதிந்தார்கள். திரும்பி வரவேண்டிய தேதியை நிரலே அச்சடித்துக் கொடுத்தது.

மூன்று வாரம் கழித்து, திங்கள்கிழமை, அக்கா வேலைக்கு வந்தாள்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் தூக்கினாள். புதன் மதியம் கை புசுபுசுவென்று வீங்கியது. படியேறி அலுவலக அறைக்குப் போனாள்.

"டேய், மூணு வாரம்னா எத்தனை நாள்?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினெட்டு."

"எப்படி?"

"வாரத்துக்கு ஆறு, மூவாறு பதினெட்டு. என்னக்கா, புதுசாக் கேக்குற?"

சொன்ன பிறகுதான் அவள் கையைப் பார்த்தான்.

"நமக்குத்தான்டா வாரம் ஆறு நாள்," என்றாள் அக்கா. "எலும்பு லீவு நாள்லயும்தான் ஒட்டுது."

கிடங்கில் வேலையை ஆறு நாளாகத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். ஏழாவது நாளை யாரும் எண்ணுவதில்லை. எட்டு வருஷம் அப்படியே எண்ணியவன், எண்ணுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தான். வேலைமுறை போடும்வரை அது சரியாகத்தான் இருந்தது. பின்னால் ஓய்வுச் சீட்டு வந்தது. அதுவும் அதே எண்ணிடம் போய்க் கேட்டது.

4

இந்த இடத்தில் மேஸ்திரியைக் கெட்டவராக்க எனக்கு ரொம்ப ஆசை. "சீட்டுல உள்ள தேதிக்கு வந்துதாம்மா ஆகணும்" என்று அவர் உறும (வேண்டாம், விட்டுவிடுகிறேன்). அவரும் முதுகில் சுமந்து மேலே வந்தவர். அந்தத் தேதியைப் பார்த்து அவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்கும் வாரம் ஆறுதான். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

தம்பி பழைய சீட்டுகளைப் புரட்டினான். அக்காவோடு சேர்த்துப் பதினோரு பேருக்கு ஓய்வு குறைந்திருந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு போனான்.

"யாரு தப்பு?" என்றார் மேஸ்திரி.

"என் தப்பு."

"கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."

"அது நான் சொல்லிக்குடுத்ததைத்தான் செஞ்சுது."

மேஸ்திரி பட்டியலை விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தார். "இன்னும் ஓய்வுல இருக்குற நாலு பேருக்கு இப்பவே தேதியை மாத்து. மத்தவங்ககிட்ட நான் பேசுறேன். மொதல்ல உங்கக்காவக் கூட்டிட்டுப் போ."

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். விரிசல் அகலவில்லை. பத்து நாள் சும்மா இருந்தால் கை பழையபடி வேலை செய்யும் என்றார். "நாள் கணக்குல எழுதுங்க டாக்டர்," என்றாள் அக்கா.

5

முடிவு (அ): அவள் தூக்கிய மூன்று நாளுக்குப் பதிலாகத் தம்பி மூன்று நாள் மூட்டை தூக்குகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "உன் இடுப்பு போச்சுன்னா அதுக்கு எத்தனை வாரம் எழுதுவாங்க? பேசாம உக்காந்து கணக்கைச் சரி பண்ணு, காலண்டர்."

முடிவு (ஆ): சரி பண்ணுகிறான். வாரத்துக்கு ஏழு நாள். ஆறு நாள் வேலைமுறைக்குத் தனிப் பேர். பக்கத்தில் முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரம் இருபத்தொரு நாளாக வராவிட்டால் ஒரு சீட்டும் அச்சாகக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல ஒரு சோதனை எழுதுகிறான். ஓட்டியதும் திரையில் 'சரி' என்று வருகிறது.

"இன்னொரு வாட்டி ஓட்டு."

ஓட்டுகிறான். சரி.

"நாளைக்கும் ஓட்டணும்."

"தினமும் அதுவே ஓடும்க்கா."

"அப்ப சரி," என்று எழுந்திருக்கிறாள். கிடங்கில் இனி யாரும் பாதி ஒட்டிய எலும்போடு மூட்டைக்குக் கீழே நிற்கப்போவதில்லை.

முடிவு (இ): மூன்று நாள் கழித்து அக்கா…

இதற்குமேல் ஓடவில்லை. மூன்றாம் பகுதியில் 'மூன்று வாரம் கழித்து' என்று எழுதினேனே, அது பதினெட்டு நாள்தான். அடுக்கு சரிந்த புதனுக்கு மறுநாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். நானும் எண்ணவில்லை. அக்கா இடது கையால் தலை வாரியது, டப்பாவை முழங்கால் நடுவில் இடுக்கி மூடி திறந்தது, பதினைந்தாம் நாள் விரல்கள் முதன்முதலாக மடங்கியபோது பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டியது, எல்லாவற்றையும் மூன்று சொல்லில் தாண்டிவிட்டேன். என் மணிக்கட்டு வலிக்கும்போதே தாண்டினேன்.

அதனால் (இ) உங்களுக்கு. உங்கள் கை நன்றாக இருக்கும். அவசரப்படாமல், ஒரு நாளுக்கு ஒரு நாளாக எழுதுங்கள்.

டாக்டர் எழுதிய பத்து நாள் வீக்கத்துக்கே சரியாகிவிடும். இருபத்தொன்றில் விட்டுப்போன மூன்று நாளைத் தம்பியும் நானும் அக்காவுக்கு இன்னும் தரவேண்டும்.