அப்பா போட்ட கையெழுத்து

படிப்பு முடிந்த கையோடு வேலை என்பதுதான் எங்கள் பெண்கள் கல்லூரியின் பெருமை. அங்கே எனக்கு 'சீல் அக்கா' என்று பெயர். அலுவலக முத்திரை என் மேஜையில்தான் இருக்கிறது. எந்தக் கொம்பன் வந்தாலும் சரி, காகிதம் சுத்தமாக இல்லையென்றால் குத்த மாட்டேன்.

அன்று ஆய்வகப் படிப்பில் கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி, அதை முடித்தால் அங்கேயே வேலை. பெற்றவர் நேரில் வந்து சம்மதம் எழுதித்தர அன்றுதான் கடைசி நாள். அப்பா லாரி டிரைவர். வந்த லோடை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தார். சம்மத ஃபாரத்தில் பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்தை நட்டுவைத்தார்.

வழக்கம்போல அவளுடைய ஃபைலைப் புரட்டினேன். மூன்று வருஷத்து லீவ் லெட்டர்கள், மார்க் ஷீட்டுகள். எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து சரசரவென்று ஓடி, கடைசியில் வாலைச் சுழித்திருந்தது.

"கையெழுத்து ஒத்துப்போகலையே சார்" என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கள்ளக் கையெழுத்துப் போட்டால் பயிற்சி கிடையாது என்ற அறிவிப்பு அவள் தலைக்கு மேலேயே இருந்தது. ஒட்டியவளும் நான்தான்.

அவர் ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒரு லீவ் லெட்டரில் விரல் நின்றது.

"அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ எழுதினதா?"

"நீங்க ரோட்டுல இருந்தீங்கப்பா. போன் கிடைக்கல. மறுநாளே குடுக்கணும்னு சொன்னாங்க."

அவர் மார்க் ஷீட்டுகளையும் புரட்டினார். மகள் பாஸான ஒவ்வொரு தடவையும் அவர் ஊரில் இல்லை என்பது அந்த ஃபைலில் வரிசையாகக் கிடந்தது. இந்தப் பாழாய்ப்போன ஃபைலை ஏன் திறந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இன்னொரு ஃபாரம் இருக்கா மேடம்?"

கொடுத்தேன். லீவ் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, மகளின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். வாலுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இதை எப்படிம்மா வளைக்கிறது?"

அவள் அழுதுகொண்டே மேஜையில் விரலால் வளைத்துக் காட்டினாள். அவரும் வளைத்தார்.

"இனிமே இதுதான் மேடம் என் கையெழுத்து. பேங்க்லயும் மாத்திக்கிறேன்."

ஒத்துப்போயிற்று. அவர் முதலில் போட்ட கையெழுத்தை, அந்த நிஜக் கையெழுத்தை, நானே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு முத்திரை குத்தினேன்.