பால் வேண்டாதவர்கள்

"கட்டிலுக்கு அடியில கலர் பாட்டிலு வாங்கி வச்சிருக்கேன். எடுத்துக் குடுத்தாத்தான் என்னப்பா? வந்தவுக எல்லாம் வெறும் வாயோட போறாக," என்று மகனிடம் கேட்டாள் சந்தனம்மாள். பானையில் காய்ச்சிய பால் ஆடை கட்டிக் கிடந்தது.

"பால் காய்ச்சுற வீட்டுல பாலத்தான் குடுக்கணும்," என்றான் ராம்குமார்.

காலனியை விட்டு வெளியே வந்து, அருப்புக்கோட்டைப் பொதுத் தெருவில் வீடு கட்டிய முதல் ஆள் அவன். தறி ஷெட்டில் கழிவு நூல் பெருக்கப் போனவன், பத்தே வருஷத்தில் தறியின் சத்தத்தை வைத்தே பழுது சொல்லும் ஃபிட்டர் ஆகியிருந்தான். குடி கிடையாது, பொய் கிடையாது. முதலாளி நாகேந்திரன் வீட்டில் பேசும் தெலுங்குகூட அத்துப்படி. புது ஷெட்டுக்கு அவன்தான் மேனேஜர் என்று அவரே ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

தெருக்காரர்கள் வந்தார்கள். மொய்க்கவரைக் கொடுத்தார்கள். பால் டம்ளரைக் கண்டதும் ஒருவருக்கு விரதம், ஒருவருக்குப் பல்வலி. மற்ற அத்தனை பேருக்கும் அன்று காலையிலேயே வயிறு சரியில்லாமல் போயிருந்தது. முதலாளி வந்து ஒரு வாய் குடித்துவிட்டால் தெருவும் குடித்துவிடும் என்று ராம்குமார் நம்பிக்கொண்டிருந்தான். பாவம், தறியைத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு ஊரைத் தெரியவில்லை.

நாகேந்திரன் மனைவி பானுப்பிரியாவோடு காரில் வந்து இறங்கி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்ட அம்சமாக் கட்டிருக்க தம்பி. ஒழுக்கம் இருந்தா எவனும் மேல வரலாம்னு ஒன்னயத்தான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

சந்தனம்மாள் பாலை நீட்டினாள். பானுப்பிரியா கணவர் பக்கம் சாய்ந்து, இங்கே எதையும் வாயில் வைக்காதீர்கள், சீல் வைத்த பாட்டில் இருந்தால் கேளுங்கள் என்று தெலுங்கில் சொன்னாள். ஃபிட்டருக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நாகேந்திரனுக்குத் தெரியும். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுகரு ஏறிக் கெடக்கும்மா. பாலு வேணாம். கலரு இருந்தாக் குடுங்க," என்றார்.

சர்க்கரை வியாதிக்காரர் கலர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. சந்தனம்மாள் ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். ராம்குமார் அதை வாங்கி, மூடியைத் தன் கையால் திருகித் திறந்து, வீட்டு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினான். குடிங்க முதலாளி என்று தெலுங்கில் சொன்னான்.

பானுப்பிரியாவின் தலை குனிந்தது. நாகேந்திரன் டம்ளரைத் தொடவில்லை.

"பணிவான பையன்னு நெனச்சேன். மேனேஜர் வெசயத்த அப்புறமாப் பாப்போம்," என்று எழுந்தார்.

"பாருங்க," என்ற ராம்குமார், அவருக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கலரைக் குடிக்கத் தொடங்கினான்.

"மொதலாளி நிக்கிறாகப்பா, எந்திரி," என்று சந்தனம்மாள் கெஞ்சினாள். "நாளைக்கு அங்கதான வேலைக்குப் போகணும்?"

"போவேம்மா. வீட்டு லோனு இருக்குல்ல."

கார் கிளம்பும் சத்தம் கேட்கிறவரை அவன் எழுந்திருக்கவில்லை.